இரண்டு குஸ்நெட்சோவ்களுக்கு ஒரே அறை

குஸ்நெட்சோவ் என்ற பெயரை எனக்கு முதலில் சொன்னவர் துபாயின் தேராவில் ஃபர் கோட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு கீழக்கரைக்காரர். அந்த வெயிலில் ஃபர் கோட்டு யாருக்கு என்று கேட்கலாம். இரண்டாயிரங்களின் முதல் பாதியில் துபாயில் இருந்தவர்கள் கேட்க மாட்டார்கள். விமானம் விமானமாக ரஷ்யர்கள் வந்து வாங்கிப்போனார்கள். அந்தத் தெரு முழுக்க ரஷ்ய எழுத்தில் பலகைகள் தொங்கின. கீழக்கரைக்காரர் கடையில் நின்று நின்றே அந்த மொழியைப் பேசக் கற்றிருந்தார்.

கல்லாவுக்குப் பின்சுவரில் அவர் பத்திரிகைகளிலிருந்து வெட்டிய படங்களை ஒட்டியிருந்தார். பளுவைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் ஒருவன், முகக்கவசம் போட்ட ஐஸ் ஹாக்கிக்காரன், தடை தாண்டும் ஓட்டக்காரன், நீச்சல்குளத்தின் விளிம்பைப் பிடித்துச் சிரிக்கும் ஒரு பையன். அத்தனை பேரும் குஸ்நெட்சோவ். வாடிக்கையாளரிடம் பெயர் கேட்பார். அந்தப் பெயர்க்காரர் வந்துவிட்டால் சுவரைக் காட்டி, “உங்க குடும்பம்!” என்பார். வந்தவர் வாய்விட்டுச் சிரிப்பார். அப்புறம் வியாபாரம் தானாக நடக்கும்.

“நெசமாவே எல்லாரும் ஒரு குடும்பமா?” என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“அட, நீங்க வேற. கொல்லன் மகன்னு அர்த்தம் தம்பி. நம்மூருல கொல்லன் பட்டறை எத்தன இருந்துச்சு? அங்க அதவிட அதிகம். ரோட்டுல நின்னு குஸ்நெட்சோவ்னு ஒரு சத்தம் கொடுத்தா நாலு பேரு திரும்புவான். நாலு பேருக்கும் சொந்தமும் கிடையாது, பந்தமும் கிடையாது.”

அன்று அது எனக்கு வேடிக்கையான செய்தி, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மதியம் கேட்டதை வெள்ளிக்கிழமை மாலை நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். எனக்கு எல்லாவற்றையும் எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. என் அறைவாசிக்கு அதுவும் எரிச்சல்தான்.

அந்த அறைவாசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவனும் நானும் ஒரே ஓட்டலில் வேலை பார்த்தோம், இருவருமே மாடிகளின் சூப்பர்வைசர்கள். அறை துடைப்பது, படுக்கை விரிப்பது, துணி துவைக்க அனுப்புவது எல்லாவற்றுக்கும் பொறுப்பு. கம்பெனி எங்களுக்குக் கராமாவில் ஓர் அறை கொடுத்திருந்தது. அவன் புதுக்கோட்டைப் பக்கம், நான் திருநெல்வேலிப் பக்கம். எங்களுக்குள் எந்த உறவும் இல்லை. எங்கள் இருவருடைய அப்பாக்களுக்கும் பெயர் மட்டும் ஒன்று. முருகனுக்கு உள்ள பெயர்களில் ஒன்று. அந்தத் தலைமுறையில் தெருவுக்கு இரண்டு பேருக்கு அந்தப் பெயர் இருக்கும்.

நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்பதை வெளிநாட்டு அலுவலகத்துக்கு விளக்கி முடியாது. பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பியாக வேண்டும், அப்பாவின் பெயரைப் போடுகிறோம். இப்படித்தான் அவனும் நானும் கம்பெனியின் கோப்பில் ஒரே கடைசிப் பெயருக்கு அடியில் அடுத்தடுத்து வந்தோம். எங்கள் மேனேஜர் சிரியாக்காரர். அவர் ஊரில் கடைசிப் பெயர் என்றால் குடும்பம், குலம், எல்லாம். முதல் நாளே எங்கள் இருவரையும் பார்த்து, “சகோதரர்கள்! ஒரே அறை கொடுங்கள்” என்று சொல்லிவிட்டார். அவன் என்னைவிட ஒன்றரை வருடம் மூத்தவன். ஆகவே அவன் அண்ணன், நான் தம்பி. நான் மறுத்தேன். அவன் சிரித்துக்கொண்டு நின்றான்.

முதல் வருடம் அது வெறும் கேலியாகவே இருந்தது. அடுத்த வருடம் என் அப்பா இறந்தார்.

செய்தி ஊரிலிருந்து ஓட்டல் போனுக்கு வந்தது. அப்போது என்னிடம் மொபைல் இல்லை. அன்று நான் அல் கூஸில் இருந்த கிடங்கில் துண்டுகளையும் விரிப்புகளையும் சரிபார்க்கப் போயிருந்தேன். ஊரிலிருந்து பேசியவர் பதற்றத்தில் அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் இறந்துவிட்டார், மகனிடம் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார். கோப்பின்படி அந்த அப்பாவுக்கு இரண்டு மகன்கள். பக்கத்தில் இருந்த மகனைக் கூப்பிட்டு மேனேஜர் சொன்னார்.

அவனுடைய அப்பா, அவன் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்ச்சேர்ந்தவர். ஆகவே இறந்தது யார் என்பதில் அவனுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வந்திருக்க முடியாது. அவன் தலையைக் குனிந்து நின்றிருக்கிறான். மூத்த மகன்தான் ஈமக்கடன் செய்ய வேண்டும் என்பதை மேனேஜர் எங்கேயோ கேட்டு வைத்திருந்தார். அவரே டிக்கெட் போட்டு, பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து, தன் காரில் விமான நிலையத்துக்கு அனுப்பிவைத்தார்.

நான் திரும்பி வந்தபோது லாண்டரியில் இருந்த ராமநாதபுரத்துக்காரன்தான் சொன்னான்: “அண்ணே, ஒங்க அப்பா தவறிட்டாராம். அண்ணன் கெளம்பிப் போயிட்டாரு. ஒங்கள்ட்டச் சொல்லச் சொன்னாரு.”

மேனேஜரிடம் ஓடினேன். அவர் என் தோளைத் தொட்டார். ஒரே வேலையில் இருக்கும் இருவரை ஒரே சமயத்தில் விட முடியாது, அண்ணன் திரும்பியதும் நீ போ என்றார். அவன் என் அண்ணன் இல்லை, செத்தது என் அப்பா என்று கத்தினேன். என் ஆங்கிலம் உடைந்து உடைந்து வந்தது. துக்கத்தில் பேசுகிறாய், சகோதரர்கள் இந்த நேரத்தில் சண்டை போடக் கூடாது என்று அவர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

என் அப்பாவுக்குச் சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அந்த லீவில் என் அறைவாசி தன் ஊருக்குப் போய்ப் பெண் பார்த்து, நிச்சயம் செய்து, ஒரு புதுச் சட்டையோடு திரும்பி வந்தான்.

“நா வேணாம்னு சொல்லியிருந்தா மட்டும் ஒனக்கு உடனே குடுத்திருப்பாங்களாக்கும்?” என்றான். அதுதான் அவன் சொன்ன ஒரே சமாதானம். அதற்குப் பிறகு அந்த அறையில் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்தான். நான் மேல்கட்டில், அவன் கீழ்க்கட்டில். விளக்கை யார் அணைப்பது என்பதில்கூட எங்களுக்குள் பகை இருந்தது.

இப்படி வருடங்கள் போனபின் அல் ஐனில் எங்கள் கம்பெனி இன்னொரு ஓட்டல் திறந்தது. அங்கே ஹவுஸ்கீப்பிங் முழுவதற்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்றார்கள். ஓட்டலின் பின்புறம் அவருக்குத் தனி வீடு, சமையலறையோடு. குடும்பத்தைக் கூட்டி வரலாம். எனக்கு ஊரில் மனைவி இருந்தாள். கல்யாணமானதிலிருந்து நான் லீவில் போன நாட்களில் மட்டும் அவளுடன் இருந்திருக்கிறேன். அந்த வேலை எனக்கு வேண்டும். அதைப்போல வேறு எதையும் அந்த ஊரில் நான் விரும்பியதில்லை. என் அறைவாசியும் கேட்டிருந்தான். எங்கள் இருவரில் ஒருவர் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ரஷ்ய மல்யுத்த அணி ஒன்று பயிற்சி முகாமுக்கு வந்து தங்கப்போகிறது, அது முடிந்ததும் முடிவு என்றார்.

அந்த அணிக்கான மாடி அவன் பொறுப்பு. பெயர்ப் பட்டியல் வந்தது. இளைஞர்களுக்கு இருவருக்கு ஓர் அறை, மூத்த வீரர்களுக்குத் தனித்தனி அறை என்று கேட்டிருந்தார்கள். மூத்தவர்களில் இரண்டு பேர் குஸ்நெட்சோவ்.

அது ஷாப்பிங் திருவிழாக் காலம். ஓர் அறை கூடுதலாகக் கிடைத்தால் ரிசப்ஷனில் கொண்டாடுவார்கள். அவன் லாண்டரி மேசையில் பட்டியலைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு கோடு போட்டான்.

“இந்த ரெண்டு பேருக்கும் ஒரு ரூம் போதும். ஒண்ண மிச்சம் பண்ணியாச்சு.”

நான் அவனோடு வலியப் பேசிய மிகச் சில தடவைகளில் அது ஒன்று. “ஏம்வே, அவனுவ தனி ரூம் கேட்டிருக்கானுவள்ளா?”

“கண்ணத் தொறந்து பாருய்யா. கடைசிப் பேரு ஒண்ணு. அப்பன் ஒருத்தன். அண்ணன் தம்பிக்கு எதுக்கு ரெண்டு ரூமு?”

“அது அப்பன் பேரு கெடையாதுவே. அவனுவ ஊருல அந்தப் பேரு ஆயிரம் பேருக்கு இருக்கும். ஒருத்தனுக்கொருத்தன் யாருன்னே தெரியாது.”

“ஆமா, நீதான் மாஸ்கோவுல பொறந்து வளந்தவன்.” அவன் லாண்டரிக்காரனைப் பார்த்துக் கண்ணடித்தான். “தம்பிக்கு எரியுதுடா. ரூம மிச்சம் பண்ணுனா அல் ஐன் எனக்குன்னு ஆயிருமேன்னு எரியுது.”

லாண்டரிக்காரன் இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்தபடி, “ரெண்டு அண்ணனும் என்னைய விட்டுருங்க” என்றான்.

அவன் தப்பாக நினைத்தது எனக்கு ஆச்சரியமில்லை. நம் ஊர்க்காரன் எவனும் அப்படித்தான் படித்திருப்பான். கடைசியில் இருப்பது தகப்பன் பெயர், அது ஒன்றாக இருந்தால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், முன்னால் இருக்கும் பெயர் மாறினால் அண்ணன் வேறு தம்பி வேறு. ஆனால் உலகத்தில் ஒரே ஒரு மனிதனுக்கு அந்தத் தப்பைச் செய்ய உரிமை கிடையாது. அது அவன்தான். அந்தக் கணக்கு எப்படிப் பொய்யாகும் என்பதை அவன் அனுபவித்து, அதில் விமானம் ஏறிப் போய் நிச்சயமும் செய்துகொண்டு வந்தவன்.

மேனேஜர் அவனைப் பாராட்டினார். சகோதரர்கள் சேர்ந்து இருப்பதுதான் அழகு என்று என்னையும் பார்த்துச் சொன்னார்.

அவர்கள் வந்து இறங்கினார்கள். பயிற்சியாளர் வேறு விமானத்தில் பிறகு வருவதாக இருந்தது. ஒரு குஸ்நெட்சோவுக்குக் காதுகள் நசுங்கி, கொழுக்கட்டை பிடித்ததுபோல மூடியிருந்தன. இன்னொருவன் இளையவன், வைக்கோல் நிறத் தலைமுடி. இருவருக்கும் ஒரே அறைச் சாவியை என் அறைவாசி நீட்டியபோது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காது நசுங்கியவன் சாவியைப் பார்த்தான், பிறகு மற்றவனைப் பார்த்தான். மல்யுத்தக்காரர்கள் களத்தில் எதிரியின் கழுத்தைப் பார்ப்பார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவன் அன்று கழுத்தைத்தான் பார்த்தான். தனி அறை கேட்டான். ஓட்டல் நிரம்பிவிட்டது என்று ரிசப்ஷனில் கையை விரித்தார்கள். மிச்சம் பிடித்த அறையில் அதற்குள் வேறு ஒரு குடும்பம் பெட்டியைத் திறந்திருந்தது.

அந்த அறையைப் போல ஓர் அறையை அந்த ஓட்டலில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இருவரும் ஒரே எடைப் பிரிவு. இருவரும் உடம்பின் எடையைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவன் ஏசியை அணைத்து, பால்கனிக் கதவைச் சாத்தி, குளியல் தொட்டியில் கொதிக்கும் நீரைத் திறந்துவிட்டு அறை முழுக்க ஆவியாக்கி வியர்த்துக் கிடப்பான். இளையவன் வந்ததும் எல்லாக் கதவையும் திறந்து ஏசியைக் கடைசிக் குளிருக்கு வைப்பான். ஆவி பட்டுப் புகைமணி அடித்து மாடியில் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே ஓடி வந்தார்கள். ஒரு காலையில் மெத்தை ஒன்று நடைபாதையில் கிடந்தது, அதன்மேல் இளைய குஸ்நெட்சோவ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அறை துடைக்கப் போன பிலிப்பினோப் பெண் இரண்டு பேரும் உள்ளே இருந்தால் போக மாட்டேன் என்றாள். அடித்துவிடுவார்கள் என்ற பயம் இல்லை, அந்த அறையில் யாருமே பேசாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை என்றாள். எனக்கு அது புரிந்தது. கராமாவில் எங்கள் அறையைத் துடைக்க ஆள் இல்லாததால் இதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

லாண்டரிக்காரன் மட்டும், “அண்ணே, அவங்க ரெண்டு பேரும் ஒங்க ரெண்டு பேரு மாதிரியே இருக்காய்ங்க” என்றான். நான் அவனோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

பயிற்சியாளர் வருவதாக இருந்த நாள். காலைச் சாப்பாடு முடிந்து நான் என் மாடியில் விரிப்புகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மேல்மாடியிலிருந்து கண்ணாடி நொறுங்கும் சத்தம் வந்தது. படியேறிப் போனேன். குளியலறைக் கண்ணாடிக் கதவு தரை முழுக்கச் சர்க்கரைக் கட்டிகள்போலச் சிதறியிருந்தது. இளையவன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்திருந்தான், விரல்களுக்கிடையே ரத்தம் வழிந்தது. பெரியவன் கட்டிலருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். யார் தள்ளினார்கள், யார் உதைத்தார்கள் என்று இருவருமே கடைசிவரை சொல்லவில்லை. நான் ஒரு துண்டை எடுத்து அந்தப் பாதத்தில் சுற்றினேன். என் அறைவாசி கதவருகே வந்து பார்த்துவிட்டு, “அய்யய்யோ” என்று மட்டும் சொல்லித் திரும்பி நடந்தான்.

மாலைக்குள் எங்கள் இருவரையும் மேனேஜர் அறைக்கு அழைத்தார்கள். பயிற்சியாளர் அங்கே இருந்தார். கழுத்து இல்லாத மனிதர், தலை நேரே தோளில் உட்கார்ந்திருக்கும். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தது. கோபத்துக்கு அது போதுமாக இருந்தது.

“முகாம் முடியும்போது இவர்கள் இருவரும் மோத வேண்டும். ஜெயிப்பவன் பெரிய போட்டிக்குப் போவான், தோற்பவன் வீட்டுக்குப் போவான். இரண்டு வருடமாக நான் இவர்களை ஒரே பேருந்தில்கூட உட்காரவைப்பதில்லை. நீங்கள் ஒரே குளியலறை கொடுத்திருக்கிறீர்கள்!”

“பெயர் ஒன்றுதானே” என்றார் மேனேஜர். அவர் நிஜமாகவே குழம்பியிருந்தார். “ஒரே குடும்பம் இல்லையா?”

“எந்தக் குடும்பம்? எங்கள் நாட்டில் பளு தூக்குபவன் ஒரு குஸ்நெட்சோவ். நீந்துபவன் ஒரு குஸ்நெட்சோவ். ஐஸ் ஹாக்கியில் இருக்கிறான், ஓட்டத்தில் இருக்கிறான், என் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் குஸ்நெட்சோவ். எல்லாரையும் ஒரே கட்டிலில் படுக்கவைப்பீர்களா?”

மேனேஜர் என் அறைவாசியின் பக்கம் திரும்பினார். “எதற்காக இப்படிச் செய்தாய்?”

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எப்போதும் மேனேஜரிடம் பேசும் குழைந்த குரலில் சொன்னான்: “சார், லாஸ்ட் நேம் சேம் சார். ஃபாதர் சேம்னு நெனச்சேன் சார். இப்ப நானும் என் தம்பியும் இல்லையா சார், அந்த மாதிரி.” என்னைக் காட்டினான்.

அவன் தன் தப்பைக் காப்பாற்ற, மறுபடியும் என் அப்பாவை எடுத்து முன்னால் நிறுத்தினான். அதை அவன் யோசித்துச் செய்யவில்லை. அத்தனை வருடத்தில் அது அவனுக்கு அவ்வளவு இயல்பாகியிருந்தது.

“நான் இவன் தம்பி இல்லை” என்றேன்.

மேனேஜர் கையை உயர்த்தினார். “கலாஸ், போதும். இப்போது சண்டை வேண்டாம். சகோதரர்கள்...”

“சகோதரன் இல்லை சார். அவர் சொன்ன அதே கதைதான். எங்கள் ஊரிலும் அந்தப் பெயர் நிறையப் பேருக்கு உண்டு. அவன் அப்பா வேறு, என் அப்பா வேறு.” இம்முறை ஆங்கிலம் உடையாமல் வந்தது. அந்த வாக்கியங்களை நான் எத்தனையோ தடவை மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்லிப் பார்த்திருந்தேன்.

மேனேஜர் மேசைமேல் இருந்த பட்டியலைப் பார்த்தார். இரண்டு குஸ்நெட்சோவ்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தார்கள். பயிற்சியாளரைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும், முதல் தடவை பார்ப்பவர்போலப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

“அப்படியென்றால், அன்று இறந்தது யாருடைய அப்பா?”

என் அறைவாசி வாயைத் திறந்தான். “சார், ரெண்டு பேருக்கும் பொதுவா...” என்று ஆரம்பித்தான்.

“என் அப்பா” என்றேன்.

“இவன் எதற்குப் போனான்?”

“கல்யாண நிச்சயத்துக்கு.”

மேனேஜர் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து என் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். துக்க வீட்டில் அவர்கள் சொல்லும் அரபி வார்த்தைகளைச் சொன்னார். நின்றுகொண்டே, நிறுத்தி நிறுத்தி, என் அப்பா அன்று காலைதான் இறந்ததுபோலச் சொன்னார். பிறகு கதவைத் திறந்து காப்பி கொண்டுவரச் சொன்னார். “சாதா” என்றார். சீனி இல்லாத காப்பி. துக்கம் கேட்க வருபவர்களுக்கு அவர்கள் வீட்டில் அதைத்தான் கொடுப்பார்கள், இனிப்பு சேர்ப்பது மரியாதையில்லை என்று அவரே விளக்கினார். நான்கு சிறு கிண்ணங்கள் வந்தன. என்ன நடக்கிறது என்று முழுக்கப் புரியாமலே பயிற்சியாளரும் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒன்றைக் குடித்தார். என் அறைவாசிக்கும் ஒன்று நீட்டப்பட்டது. மறுக்க அவனுக்குத் தைரியம் இல்லை. அவன் அதைக் குடித்து முடிக்கும்வரை மேனேஜர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கசப்பில் அவன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். எனக்கு அன்று அது போதும்போல இருந்தது. அல் ஐன் எனக்குத்தான் என்றும் நினைத்தேன். அதை மறைக்கவில்லை. மறுநாளே ஊருக்குப் போன் செய்து மனைவியிடம் பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னேன்.

இளைய குஸ்நெட்சோவ் பாதத்தில் தையலோடு ஊருக்கு விமானம் ஏறினான். மோதல் நடக்கவே இல்லை. காது நசுங்கியவன் மோதாமலே பெரிய போட்டிக்குப் போனான். அணி கிளம்பிய பிறகு மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இரண்டு எதிரிகளை ஒரே அறையில் போட்டால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டேன். உன்னையும் அவனையும் இத்தனை வருடம் அப்படித்தான் நான் வைத்திருக்கிறேன். அது என் தவறு. இனி ஒரே கூரையின் கீழ் நீங்கள் இருக்க வேண்டாம்.” மேசைமேல் இருந்த கோப்பை மூடினார். “அவனை அல் ஐனுக்கு அனுப்புகிறேன்.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் தொடர்ந்தார். எல்லாவற்றையும் ஒழுங்காக வைக்கிறவன் நான், பெரிய ஓட்டல் துபாயில்தான் இருக்கிறது, நான் இல்லாவிட்டால் இங்கே நடக்காது. நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். என் அப்பாவின் சாவுக்கு அவனை அனுப்பியபோதும் அவருக்கு நல்ல எண்ணம்தான் இருந்தது.

“அந்த வீடு, சார்? குடும்பம்?”

“அடுத்த முறை. இன்ஷா அல்லா.”

எனக்கு எதிரே இருந்தவர் சில நாள் முன்புதான் என் துக்கத்துக்காக எழுந்து நின்ற மனிதர். அவரிடம் என்னால் கத்த முடியவில்லை. மனைவிக்கு மறுபடி போன் செய்தேன். அவள், “சரி, விடுங்க” என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள்.

அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய நாள் நான் என் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று, “வரேன் தம்பி” என்றான். இரண்டாவது சொல்லை வேண்டுமென்றே அழுத்தினான். நான் திரும்பவில்லை. பெட்டி தூக்க வந்த லாண்டரிக்காரன், “அண்ணன் போறாருண்ணே” என்றான். “அண்ணன் இல்ல” என்றேன். “சரிண்ணே” என்று பெட்டியைத் தூக்கினான்.

அதன்பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தேராவுக்குப் போனபோது கீழக்கரைக்காரர் சுவரில் ஒரு புதுப் படம் ஒட்டியிருந்தார். காது நசுங்கிய ஒருவன் கழுத்தில் பதக்கத்தோடு நின்றான். “நம்ம குடும்பத்துல இன்னொருத்தன் சேந்துட்டான் தம்பி” என்றார். மாலையில் நாட்குறிப்பில் அதை ஒரே வரியில் முடித்தேன்.

அடுத்த குளிர்காலத்தில் விரிப்புகளை அல் ஐன் ஓட்டலுக்கு ஒப்படைக்க என்னையே அனுப்பினார்கள். பாலைவனம் முழுக்க வண்டியின் பின்புறத்தில் துண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனேன். ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது பின்புறக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் கதவைத் திறந்து கூப்பிட்டாள். அவன் மனைவி. நான் பார்த்ததில்லை, அவள் என்னை ஏதோ போட்டோவில் பார்த்திருக்கிறாள்.

“வாங்க, வாங்க. வாசலோட போனா எப்புடி? இவுக ஒங்களப் பத்தித்தான் எப்பப் பாத்தாலும் சொல்லுவாக. கூடப் பொறந்தவுக மாதிரின்னு.”

உள்ளே போனேன். நான் வேண்டும் என்று கேட்ட வீடு அது. சமையலறையில் ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே ஒரு பேரீச்சை மரம். ஜன்னல் திண்டில் கறிவேப்பிலைச் செடி ஒன்றைப் பெயின்ட் டப்பாவில் வளர்த்திருந்தாள். அவன் உள்ளறையிலிருந்து வந்து, என்னைக் கண்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

“ஒக்காருங்க. காப்பி போடுறேன்” என்றாள் அவள். “எங்க நிச்சயத்துக்கு இவுகளுக்கு லீவு கெடைக்காம இருந்துச்சாம், நீங்கதேன் வாங்கிக் குடுத்தீகளாம்ல? இவுக சொன்னாக. அத நான் மறக்கவே மாட்டேன்.”

அவன் தரையைப் பார்த்தான். அவள் முகத்தில் எந்தக் கள்ளமும் இல்லை. அவளிடம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவனிடம் சொல்ல இருந்தது.

அவள் சீனி டப்பாவைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டாள். “சீனி எவ்வளவு போடட்டும்?”

“சீனி வேண்டாம்மா” என்றேன். அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “இந்த வீட்டுல எனக்குச் சீனி போடாதீங்க.”